அக்கா சொன்ன ஆண்டு சரிதான்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் படத்துக்குக் கீழே தோற்றம் 1122 தை, மறைவு 1200 மாசி என்று மட்டும் இருக்கிறது. அச்சகத்தார் இரண்டு முறை ஃபோன் செய்து, ஆங்கில ஆண்டும் போடட்டுமா, படிக்கிறவர்கள் பிழை என்று நினைப்பார்களே என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெங்களூரிலும் சென்னையிலும் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், இது கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டில் எண்ணூற்று இருபத்தைந்தைக் கழித்தால் ஏறக்குறைய இது வந்துவிடும். நம் பக்கத்தில் கோயில் நோட்டீசிலும் பழைய நிலப் பத்திரத்திலும் இதைத்தான் பார்ப்பீர்கள். அட்டையில் இதை மட்டும் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நினைவு மலரில் இறந்தவரின் பெருமையை எழுதுவார்கள். எழுதுகிறவன் தன் சிறுமையை எழுதும் வழக்கம் இல்லை. நான் இரண்டையும் எழுத வேண்டியிருக்கிறது. உங்களில் பலரிடம் ஃபோனிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், அக்காவுக்கு ஓர்மை போய்விட்டது, ஞாபகம் தப்பிவிட்டது என்று சொன்னவன் நான். இறந்த வீட்டுக்கு வந்தவர்களும் அதைச் சொல்லித்தான் வருத்தப்பட்டீர்கள். நல்ல புத்தியுள்ள பெண்பிள்ளை கடைசியில் இப்படி ஆகிவிட்டாளே என்று சித்தி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையோடு ஒரு வருடம் உங்கள் நடுவில் நடமாடிவிட்டேன். இனி முடியாது.

அக்கா கருங்கலுக்குத் தெற்கே, இப்போது நான் இருக்கும் இதே வீட்டில் பிறந்தார். அப்போது ஓலைக் கூரை. அப்பா பனை ஏறினார், அம்மா கருப்பட்டி காய்ச்சினார். பிறந்த ஐந்து பிள்ளைகளில் தங்கியது முதல் பிள்ளையான அக்காவும் கடைசிப் பிள்ளையான நானும்தான். எங்கள் இருவருக்கும் பத்து வயது வித்தியாசம். என்னைத் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. இதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிதறால் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் அத்தான் காய்ச்சலில் இறந்து போனார். பிள்ளை இல்லை. மறுபடியும் பெண் கேட்டு வந்தவர்களை அக்கா சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர், மறு வாரமே, மரவள்ளி என்று நீங்கள் சொல்லும் மரச்சீனிக் கிழங்கு வியாபாரத்தில் இறங்கினார். தோட்டத்தில் நிற்கிற கிழங்கை அப்படியே மொத்தமாக விலை பேசுவார். ஒரு மூடு செடி மட்டும் பிடுங்கி, மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, முழுத் தோட்டத்திலும் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். பிறகு எடை போட்டுப் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். கருங்கல் சந்தைக்கு வருகிறவர்களில் யாருக்கு மாவுக் கிழங்கு பிடிக்கும், யார் வீட்டில் விசேஷம் வருகிறது, யாருக்குப் பல் போய்விட்டதால் குழைய வேகிற கிழங்கு வேண்டும் என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். எதையும் எழுதி வைத்தவர் இல்லை.

நம் சொந்தத்தில் யார் பிறந்த ஆண்டு தெரிய வேண்டுமானாலும் அக்காவிடம்தான் வருவீர்கள். இவன் எழுபத்தேழு சித்திரை, அன்றைக்கு நல்ல மழை என்பார். எழுபத்தேழு என்றால் ஆயிரத்து நூற்று எழுபத்தேழு. முன்னால் உள்ள ஆயிரத்தையும் நூற்றையும் நம்மூர்க்காரர்கள் வாயால் சொல்வதில்லை. நம் தாத்தாக்கள் காலத்துப் பெருவெள்ளத்தை இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றுதான் சொல்கிறோம். அது ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், நாம் அய்யாவைக் கும்பிடுகிற நிழல்தாங்கலில் அவர் பெயரால் கஞ்சி தர்மம் நடக்கும். மறுநாள் எத்தனை பேர் வருவார்கள் என்று சனிக்கிழமை சாயங்காலமே கணித்து, அரிசி அளந்து போடுவது அக்காவின் பொறுப்பு. பக்கத்து ஊரில் திருவிழாவா, பிள்ளைகளுக்குப் பரீட்சையா, மழை வருமா, எல்லாம் அந்தக் கணிப்பில் சேரும். நாற்பது வருடத்தில் கஞ்சி போதாமல் ஒருவரும் திரும்பியதில்லை, மிஞ்சிக் கொட்டியதும் இல்லை. எழுபத்தாறு வயதிலும் சந்தைக்கு நடந்துதான் போனார். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை. வழியில் பத்துப் பேரிடமாவது நின்று பேசாமல் வீடு திரும்பியதும் இல்லை.

இனி என் கதை. என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்ததும் மஸ்கட்டுக்கு அனுப்பியதும் அக்காதான். முப்பத்திரண்டு வருடம் ஜெனரேட்டர் அறைகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினைந்து வருடம் ஃபோர்மேன். அந்த இரைச்சலில் எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஊருக்கு வந்த பிறகும் ஃபோர்மேன் வேலையை நான் விடவில்லை. மகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி பெங்களூர் போனதும், எனக்கு மேய்க்கக் கிடைத்தது அக்கா ஒருவர்தான்.

ஒரு நாள் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில், என்னோடு ஐ.டி.ஐ. படித்த நண்பர் ஒருவர் திகைத்து நிற்பதைப் பார்த்தேன். தன் வீட்டுக்குப் போகிற பஸ் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து நானே கொண்டு விட்டேன். வழியில் மூன்று முறை என் பெயரைக் கேட்டார். வீடு வந்ததும் அவர் மனைவி வாசலில் நின்று என்னைக் கும்பிட்ட கும்பிடு என்னைப் பயமுறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஃபோனில் மறதி நோயைப் பற்றிய படிப்புதான். மூளையைக் காப்பாற்ற என்ன சாப்பிட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று வருவதையெல்லாம் உங்களுக்கும் அனுப்பி உயிரை வாங்கினேன். கிணற்றடியில் வல்லாரை வைத்தேன். வால்நட் வாங்கி ஊறப்போட்டேன். எண்களைக் கட்டத்தில் நிரப்புகிற புதிர்ப் புத்தகம் ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்தேன்.

“கெழங்கு எண்ணி எண்ணியே அலுத்துப் போச்சு மக்கா, இனி இதையும் நான் எண்ணணுமா?” என்று கேட்டார் அக்கா. சில நாளில் அந்தப் புத்தகம் அரிசிப் பானைக்கு மூடியானது. கவனித்தீர்களா, வல்லாரையும் வால்நட்டும் அக்காவுக்கு. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு, சர்க்கரை அளவைப் பரிசோதிக்காமல், நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். வயதில் மூத்தவர் அவர், மறதி வந்தால் அவருக்குத்தான் முதலில் வரும் என்று என் மனதில் ஒரு வரிசை போட்டு வைத்திருந்தேன்.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஐப்பசி. ஒரு நாள் காலை, முன்னறையில் இருந்த எனக்குத் தீய்ந்த வாடை வந்தது. போய்ப் பார்த்தால் கேஸ் அடுப்பு எரிகிறது, மேலே பாத்திரம் கருகிக் கிடக்கிறது. அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சத்தம் போட்டேன். தான் அடுப்புப் பக்கமே போகவில்லை என்றார். போனதே ஞாபகம் இல்லை பார்த்தீர்களா, இதுதான் அந்த நோய் என்று ஃபோனில் படித்ததை ஒப்பித்தேன். அவர் ஈரக் கையோடு நின்றார்.

கருகியது பால் பாத்திரம். அக்கா எந்தக் காலத்திலும் பால் குடித்ததில்லை, அவருக்குப் பால் சேர்க்காத கட்டன்சாயாதான். வீட்டில் பால் சாயா குடிக்கிறவன் நான் ஒருவன். இந்த விஷயம் அன்றைக்கே என் மனதில் வந்தது. வந்த வேகத்திலேயே அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அந்த மாதமே அக்காவை நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயது, வெளி மாவட்டத்துக்காரர். மரியாதையாகவே கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அக்கா மூச்சு விடாமல் இரண்டு வரைக்கும் வந்து, இனி கழிக்க முடியாதே என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டார். மூன்றையும் சொன்னார். இதை எப்படி எழுதுவது? அக்கா தேறத் தேற எனக்குக் கலக்கமாக இருந்தது.

பிறகு, இது எந்த வருடம் என்று டாக்டர் கேட்டார்.

“தொண்ணூத்தொம்பது.”

என்ன மாதம் என்றார். ஐப்பசி. தேதி? பதினாலு. டாக்டர் சுவரிலிருந்த ஆங்கிலக் காலண்டரைப் பார்த்தார், அதன்படி அன்று மாதத்தின் கடைசி நாள். பிறகு என்னைப் பார்த்தார். இந்த அம்மாள் இன்னும் 1999-இல் இருக்கிறார் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்போதும் இப்படித்தான் சொல்வார்களா என்று என்னிடம் கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். டாக்டர், இது எங்கள் ஊர் ஆண்டு, அக்கா சொன்னது வருடம், மாதம், தேதி மூன்றும் சரி என்று சொல்லியிருந்தால் அவர் அடித்து எழுதியிருப்பார். என் பிறந்த நாளே எனக்குக் கொல்லம் ஆண்டில்தான் தெரியும். நான் சொன்னது இதுதான்: “கொஞ்ச நாளா இப்படித்தான் சொல்லுறாங்க, டாக்டர்.”

படிக்காத ஊர்க்காரர்கள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தால் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அது பாதி உண்மைகூட இல்லை. பாத்திரத்தைக் கருக்கியது அக்கா என்றால், அது நான் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற நண்பரின் வரிசையில் அடுத்து நிற்பது அக்கா என்றால், அது நான் இல்லை. அந்த நோய் யாருக்காவது போய்த்தான் ஆக வேண்டும் என்பது போல, என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவரின் தலையில் அதை இறக்கி வைத்தேன். டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவனான நான் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு பொய் சொன்னேன்.

காலக் குழப்பம் தெரிகிறது, மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரத்தில் இருந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

“மக்கா, இது தொண்ணூத்தொம்பது தானே?”

“இல்லக்கா. ரெண்டாயிரத்தி இருபத்திமூணு.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கருங்கல் வரும் வரையில் அவர் உதடு மட்டும் அசைந்தது. எங்கோ பிசகிவிட்டது என்று மாதங்களை முதலிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அன்று முதல் ஃபோர்மேனின் ஆட்சி. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, நான் சமைப்பேன். வழி தவறிவிடும், சந்தை வேண்டாம். தாங்கலுக்கு வேண்டுமானால் நான் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன், போனது நாலைந்து முறை இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன், எல்லோரும் அக்காவுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று. நீங்கள் கும்பிடும் கைகளாக அனுப்பினீர்கள். என்னை நல்ல தம்பி என்றீர்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நீங்கள் பார்க்க வந்தீர்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் அக்காவின் முன்னால் குனிந்து, நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்டீர்கள். இதில் உங்கள் மேல் தப்பில்லை, நான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். உங்கள் ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டும் நட்சத்திரமும் தெரிந்தவரிடம் இந்தக் கேள்வி. அவரும் பொறுமையாகப் பெயர் சொல்லி வந்தார். ஒரு முறை மார்த்தாண்டத்திலிருந்து வந்த நம் மருமகப் பிள்ளை ஒருவர் இரண்டாம் தடவையும் சத்தமாகக் கேட்டபோது, “ஒனக்கே தெரியல்லியா மக்கா?” என்றார். மருமகப் பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பேச்சு தடம் மாறுகிறது என்று ஃபோனில் குறித்து வைத்துக்கொண்டேன்.

தாங்கலில் அரிசி அளக்க வேறு ஆளை வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போதவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மை, நம் தூரத்துச் சொந்தம், அக்காவோடு சந்தைக்குப் போய்வந்தவர், உங்களில் பலருக்குத் தெரியும். அவர் வந்து, அக்காவிடம் ஒரு வாய்க் கணக்கு கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். கேட்டிலேயே நிறுத்தி, அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம், மூளைக்கு ஓய்வு வேண்டும் என்று அனுப்பிவிட்டேன். உள்ளே அக்காவுக்கு இது கேட்டிருக்கும். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அடுத்த ஆவணி முதல் நாள். நான் ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குளித்து, நெற்றியில் நாமமிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மக்கா, இருநூறு பெறந்தாச்சில்லா?”

கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில்தான்; ஆயிரத்து இருநூறாம் ஆண்டு அன்று பிறந்திருந்தது. நூறு வருடத்துக்கு ஒரு முறை வருகிற நாள். சின்ன வயதிலிருந்து தன் வாயில் இருந்த கணக்கை, சரிதானா என்று என்னிடம் கேட்டு நின்றார். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆமாம் என்று ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். அந்த ஒரு ஆமாமுக்கே அவர் முகம் மலர்ந்தது. தங்கம்மையிடம் சொல்ல வேண்டும் என்று வாசல் வரை போனார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மறுபடியும் தீய்ந்த வாடை வந்தது. நான் ஓடியபோது அக்கா எனக்கு முன்பே வந்து அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். அடிப்பிடித்துப் போனது பால் சாயா. அதன் பக்கத்தில் என் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சொன்னேனில்லையா என்று கத்தினேன். அக்கா சாயாவைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆமா மக்கா, மறந்து போச்சு” என்றார். கண்ணாடியைத் துடைத்து என் கையில் தந்தார்.

மாசியில் சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கி, நுரையீரலில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் ஐந்து நாள். நாலாம் நாள் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். மூச்சு வாங்கியது.

“சாயா போட்டா அங்கயே நில்லு மக்கா. எங்கயும் போகாத. பெறகு, ஒனக்க காத ஒருக்க காட்டு.”

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நர்சிடம் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை போய்விட்டார். அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

பதினாறு முடிந்து நீங்களெல்லாம் போன பிறகு, மனைவியும் பேரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போனாள். நான் தனியாக இருந்தேன். மூன்றாவது வாரம், தாங்கலில் கூட்டம் என்று போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். தங்கம்மை என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் புகை வருவதைப் பார்த்து, பின்கதவைத் தள்ளித் திறந்து வந்திருக்கிறார். பாத்திரம் ஓட்டையாகிவிட்டது. இந்த முறை கை காட்ட வீட்டில் வேறு ஆள் இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தங்கம்மை என்னைத் திட்டவில்லை. அக்கா எத்தனையோ நாள் என் பின்னால் வந்து அடுப்பை அணைத்ததையும், நான் திறந்து போட்ட கேட்டைப் பூட்டியதையும், ஒரே மாத்திரையை இரண்டு தடவை எடுக்கப் போனபோது டப்பாவை ஒளித்து வைத்ததையும் சொன்னார். வேலி ஓரத்தில் நின்று அக்காவே சொல்லியிருக்கிறார். இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டியதுதானே என்று தங்கம்மை கேட்டாராம்.

“அவன் பயந்து போவான் ஏட்டி. எனக்குண்ணா கொஞ்ச நாளு தானே, நான் மறந்ததாவே இருக்கட்டும்” என்றாராம் அக்கா.

பிறகு நான் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். விளவங்கோடு பக்கத்துப் பெண். எனக்கும் அதே பரீட்சை. ஏழு ஏழாகக் கழிப்பதில் எழுபத்தொன்பதோடு நின்றுவிட்டேன். மூன்று சொற்களில் ஒன்று திரும்பவில்லை. மறதியின் தொடக்கம், முற்றலாம், முற்றாமலும் பல வருடம் இப்படியே ஓடலாம் என்றார். சர்க்கரை ஏறிக் கிடந்தது. காது பாதிக்கு மேல் போயிருந்தது. காது கேட்காதவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போவார்கள், மூளைக்கு வேலை குறைந்துபோகும், அதை இத்தனை வருடம் விட்டது பெரிய தப்பு என்றார். தினமும் நடங்கள், மனிதர்களோடு பேசுங்கள், மாத்திரையை விடாதீர்கள், நேரத்தோடு தூங்குங்கள், மனக்கணக்கு போடுகிற மாதிரி நாலு பேருக்குப் பயன்படுகிற ஒரு பொறுப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல, அக்காவின் ஒரு நாளை எனக்குப் படித்துக் காட்டுவது போல இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் அக்காவின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். அதற்குப் பதிலாக வால்நட் கொடுத்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பது விஷயத்தை அவரிடம் சொன்னேன். நம் பக்கத்துக்காரர் என்பதால் உடனே புரிந்து சிரித்தார். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார் என்றார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லையா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். அக்காவின் சாவுக்கு நான் வீட்டில் அடைத்து வைத்தது காரணமா என்று கேட்டேன். நுரையீரல் காய்ச்சலை அப்படிச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலால் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. கடைசி ஒன்றேகால் வருடம் தன் புத்தியைத் தானே நம்பாமல் ஒருவர் இருந்தார். அதற்கு நான்தான் காரணம், அதற்கு எந்த டாக்டரின் சீட்டும் வேண்டாம்.

இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறேன். மனைவி வந்துவிட்டாள். சனிக்கிழமை தாங்கலுக்குப் போகிறேன். அரிசி அளப்பது தங்கம்மை, பாத்திரம் கழுவுவது நான். சாயா போட்டால் அங்கேயே நிற்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஐந்து நாளும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்த தாங்கல் அன்பர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பதினாறு நாளும் வீட்டைத் தாங்கிய சொந்தங்களுக்கும் என் கும்பிடு. நான் கேட்டில் நிறுத்திய பிறகும், தினமும் வேலி ஓரத்தில் வந்து நின்று அக்காவோடு பேசிய தங்கம்மைக்கு நான் சொல்லும் நன்றி போதாது. அந்தப் பேச்சு ஒன்றுதான் அக்காவுக்கு மிச்சம் இருந்தது.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அக்காவுக்குக் கடைசியில் ஓர்மை போய்விட்டது என்று இனி யாராவது சொன்னால் திருத்துங்கள். அப்படிச் சொல்கிறவன் நானாகவும் இருக்கலாம். என் நோய் அப்படிப்பட்டது. இன்னும் சில வருடத்தில் இதை எழுதியதே மறந்து, உங்கள் வீட்டு வாசலில் நின்று அதே பொய்யைச் சொன்னாலும் சொல்வேன். கோபப்பட வேண்டாம். இந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அட்டையைக் காட்டுங்கள். அக்கா சொன்ன வருஷம் சரிதான் மக்கா என்று, எனக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

தம்பி
கருங்கல், 1201 மாசி